பிந்தோ கட்டிய லோஜ்ஜியா

ஃப்ளாரன்ஸில் லோஜ்ஜியா இல்லாத குடும்பத்தைக் குடும்பமென்றே யாரும் மதிப்பதில்லை. மேலே கூரை, வரிசையாகத் தூண்கள், தெருப்பக்கம் சுவரே கிடையாது. வீட்டு விசேஷமெல்லாம் அங்கேதான். ஊர் பார்க்க வேண்டுமே!

கம்பளி வியாபாரி பிந்தோ வாசலில் ஒன்றைக் கட்டினார். அன்றிலிருந்து 'நம்ம லோஜ்ஜியா' என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதில் நடத்த ஒரு விசேஷம் வேண்டுமென்பதற்காகவே மகள் தெஸ்ஸாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பட்டு வணிகர் உகோ. மூன்று மனைவிகளை அடக்கம் செய்த அனுபவசாலி.

"எனக்கு வேண்டாம்பா" என்று தெஸ்ஸா சமையலறையில் சொன்னாள். மாடியில் சொன்னாள். அழுதும் சொன்னாள். வீட்டுச் சுவர்கள் நல்ல தடிமன். அப்பாவின் காதும் அப்படியே.

மோதிரம் மாற்றும் நாளில், பிந்தோவின் அழைப்பை ஏற்றுத் தெருவே திரண்டு வந்து தூண்களில் சாய்ந்து நின்றது. பத்திரம் எழுதும் செர் நெரி தொண்டையைச் செருமினார்.

"தெஸ்ஸா, இவரைக் கட்டிக்கச் சம்மதமாம்மா?"

"இல்லை."

பேனா நின்றது. பிந்தோ சிரித்துவைத்தார். "பொண்ணுக்கு வெட்கம், செர். சரின்னுதான் சொன்னா. எழுதுங்க."

"இல்லைன்னு சொன்னாங்கய்யா" என்றாள் சலவைக்காரி பியெரா. "எனக்கு ஒரு காது மந்தம். எனக்கே கேட்டுச்சு."

"நீ ஏன் நடுவுல வர்ற?"

"சாட்சிக்கு வரச்சொல்லி நீங்கதானே ஆள் விட்டீங்க."

எதிர்ச்சாரியில் குடல் வறுவல் விற்பவன் கரண்டியை உயர்த்தினான். "இங்கேயும் கேட்டுச்சுங்க!"

செர் நெரி பேனாவைத் துடைத்தார். "உள்ளே அறையில நடந்திருந்தா எப்படியோ எழுதியிருப்பேன். தெருவே கேட்டதை நான் எப்படி மாத்தி எழுத?"

உகோ கையுறையை மாட்டிக்கொண்டார். "மண்டபம் பிரமாதம், பிந்தோ. குரல் நல்லா எடுக்குது." யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார்.

பிந்தோ மகளின் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார். "உள்ளே வா. பேசிக்கலாம்."

உள்ளே போனால் அந்த 'இல்லை' திரும்பவும் யார் காதிலும் விழாது. தெஸ்ஸா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு கல் இருக்கையில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"இங்கேயே பேசலாம்பா. காத்து நல்லா வருது."

பியெராவும் பக்கத்தில் இடம் பிடித்தாள்.