எலியா, பேனா?

பெர்கன் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த பழைய இடுகாட்டைத் தோண்ட யோருனையும் ஐலிவையும் ஒரே அணியில் போட்டபோது பல்கலைக்கழகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நார்வேயில் பாதி ஜனத்தை வாரிக்கொண்டு போன கொள்ளைநோய் எப்படிப் பரவியது என்பதில் இருவருக்கும் பத்தொன்பது ஆண்டுச் சண்டை. கிருமி எது என்பதில் தகராறில்லை. செத்தவர்களின் பற்களிலேயே அது அகப்பட்டுவிட்டது. அதைச் சுமந்து திரிந்தது யார் என்பதுதான் கேள்வி. கப்பலில் வந்த எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் என்றார் வரலாற்று ஆய்வாளர் ஐலிவ். எலும்பு நிபுணர் யோருனோ, அத்தனை எலி இருந்திருந்தால் எலும்பெல்லாம் எங்கே போயிற்று, மனிதர் உடம்பில் இருந்த பேன்தான் ஊரூராகப் பரப்பியது என்பாள்.

திங்கட்கிழமை காலை, வழக்கமான மழையில், ஐலிவ் குழிக்குள்ளிருந்து கத்தினார்.

"யோருன்! ஓடி வா! எலி!"

உள்ளங்கையில் சின்னதாக ஒரு மேல்தாடை. அவர் முகம் பிள்ளை பெற்ற வீட்டு முகம்போல் இருந்தது.

"பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. மூணு மணிக்கு வர்றாங்க."

"எனக்குக் காட்டுறதுக்கு முன்னாடியேவா?"

"உனக்குக் காட்டினா நீ அதைப் பேன்னு சொல்லுவியே!"

இருந்த ஒரே உருப்பெருக்கிக் கண்ணாடியில் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். யோருன் கடைவாய்ப் பற்களின் முகடுகளை எண்ணினாள். எலிக்கு மூன்று வரிசை இருக்க வேண்டும். இதில் இரண்டுதான். மறுபடி எண்ணினாள்.

"ஐலிவ், இது ஹாம்ஸ்டர்ப்பா, எலி இல்ல. கூண்டுல வச்சு வளர்ப்பாங்களே, அது. செத்ததும் ஏதோ குழந்தை இங்க புதைச்சிருக்கு."

"கொள்ளைநோய்க் காலத்துலயா?"

"தொலைக்காட்சிக் காலத்துல."

அவர் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு தார்ப்பாய்க்கு அடியில் போய் நின்று, பத்திரிகைக்காரர்களை வரவேண்டாமென்று சொல்லத் தொலைபேசியை எடுத்தார். பத்தொன்பது ஆண்டுகளாகக் காத்திருந்த வெற்றி இது. ஆனால் மழையில் நனைந்த அந்த முதுகைப் பார்க்க யோருனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தன் குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்தார், ஆனால் நன்றி சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவளுக்குத் தலை அரித்தது. ஆய்வகத்துச் சில்யே சொறிந்தாள். மண் சலிப்பவர்கள் சொறிந்தார்கள். ஐலிவ் மட்டும் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

"ஐலிவ், தொப்பியைக் கழட்டு."

"குளிருது."

"கழட்டுய்யா!"

கழற்றினார். சீப்பைப் போட்டதும் சாட்சிகள் வரிசையாக வந்தன.

"பேத்தி," என்றார் தரையைப் பார்த்தபடி. "பாலர் பள்ளியில இருந்து கொண்டு வந்துட்டா."

யோருன் துள்ளிக் குதித்தாள். "பாருங்க! ஒரு எலி கிடையாது! ஒரே வாரத்துல அணி முழுக்க! இதைவிடச் சான்று வேணுமா?"

சில்யே தலையைச் சொறிந்துகொண்டே, "யோருன், இது தலைப்பேன். நீங்க சொல்றது துணியில வாழ்ற உடம்புப்பேன். இதை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது," என்றாள்.

ஐலிவ் ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முறைத்துப் பார்த்த யோருனுக்கும் அடக்க முடியவில்லை.

அன்று தோண்டும் வேலை நடக்கவில்லை. மருந்துக்கடையிலிருந்து பேன்சீப்புகள் வந்தன. தார்ப்பாய்க்கு அடியில் யோருனை முக்காலியில் உட்காரவைத்து, ஐலிவ் அவள் நரைமுடியை வகிர்ந்து வகிர்ந்து வாரினார்.

"இங்கிலாந்துல ஒரு கிராமத்துல எலியெலும்பு கிடைச்சிருக்கே, அதுக்கு என்ன சொல்ற?"

"எத்தனை கிடைச்சுது? ரெண்டு! ஊரையே அழிக்க ரெண்டு எலியா?"

"தலையை ஆட்டாத. ஒண்ணு தப்பிச்சுப் போகுது."