சலுகைக்கு ஒரு காரணம்

வீட்டு நிலைமை மாறிப்போன மாணவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு என்று கல்லூரியில் அறிவித்ததும் தாட்சாயிணி விண்ணப்பித்தாள். காரணம் கேட்ட இடத்தில், அப்பாவுக்குக் கிட்னி கோளாறு, வேலைக்குப் போக முடியவில்லை என்று எழுதினாள்.

அது பொய். அப்பா உத்தமன் பூனாவில் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடமாகப் பணமும் வரவில்லை, பேச்சும் இல்லை. ஆனால் பருத்திப்பட்டில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் யாருக்கும் இது தெரியாது. கம்பெனியில் டிரான்ஸ்பர் என்றே அம்மா கஸ்தூரி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

பெற்றோரோடு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஆவடியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் கஸ்தூரி கேட்டாள்.

"என்னன்னு எழுதியிருக்கே?"

தாட்சாயிணி சொன்னாள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா. நான் பார்த்துக்கறேன்."

கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேப்பம்பட்டில் இறங்கிக் கல்லூரிக்கு நடந்தார்கள்.

மாணவர் நலப் பிரிவைக் கவனிக்கும் சித்ரா மேடம் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"டாக்டர் சர்டிபிகேட் வைக்கலையேம்மா. அப்பாவுக்கு எந்த ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்கறீங்க?"

தாட்சாயிணி ஏதாவது ஒரு பெயரை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கஸ்தூரி பேசிவிட்டாள்.

"அவருக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். எங்களை விட்டுட்டுப் போயிட்டார்."

அம்மா அதை இப்படி நேராகச் சொல்லி தாட்சாயிணி கேட்டதில்லை. வீட்டில்கூட, 'இந்தத் தடவையும் வரமாட்டார் போல' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

"நான் மறைச்சேன், அதனால அவளும் மறைச்சிருக்கா. நான் மெடிக்கல் ஷாப்புல பில் போடறேன். அந்தச் சம்பளத்துலதான் எல்லாம் நடக்குது."

சித்ரா மேடம் பேனாவை மூடி வைத்தார். "இறந்துட்டாருன்னா அதுக்குச் சான்று இருக்கு, நோய்னாலும் இருக்கு. இதுக்குத்தான் என்ன கேக்கறதுன்னு எங்களுக்கே சங்கடம். அவர் உங்ககூட இல்லைன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கமிட்டியில நான் பேசறேன்."

திரும்பும்போது ரயில் மேடையில் தாட்சாயிணி, "விட்டுடலாம்மா. லோன் கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

"அங்கேயும் அப்பா எங்கேன்னுதான் கேப்பாங்க" என்றாள் கஸ்தூரி.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு சபீனாவிடம் போனார்கள். சபீனா கேட்டுவிட்டு, உடனே கையெழுத்துப் போட்டாள். "இதைத் தனியாவே வச்சுக்கிட்டு இருந்தீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து மேல்மாடி சுப்பராயன். உத்தமனோடு வாரம் தவறாமல் ஷட்டில் ஆடியவர். காகிதத்தைப் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு உத்தமன் என்னைக் கேட்டா நான் என்னம்மா சொல்றது? பொங்கலுக்குக்கூட எனக்கு வாழ்த்து அனுப்பியிருந்தான்."

கஸ்தூரி, "கேட்கட்டும் சார். அப்படியே எங்களைப் பத்தியும் ஏதாவது கேட்டார்னா சொல்லுங்க" என்றாள்.

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வாசலில் நின்றிருந்த தாட்சாயிணியின் காதிலும் அந்தப் பொங்கல் வாழ்த்துப் பேச்சு விழுந்தது. அப்பாவுக்கு நோய் என்று எழுதும்போது சலுகைக்காக மட்டும் அவள் எழுதவில்லை. நோயாளி என்றால் அவர் போன் பண்ணாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த ஆசையும் அதில் இருந்தது. யார் யாருக்கோ வாழ்த்து அனுப்ப முடிந்தவருக்கு அவள் எண் மட்டும் மறந்திருக்க முடியாது. படியிறங்கும்போது அழுதாள். கஸ்தூரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கூடவே இறங்கினாள்.

கமிட்டி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. மீதியைத் தவணையில் கட்டலாம், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். தவணைக்காகக் கஸ்தூரி ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போகத் தொடங்கினாள். அன்றைய சமையலைத் தாட்சாயிணி எடுத்துக்கொண்டாள். முதல் ஞாயிறு வைத்த குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டது. கஸ்தூரி இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்துகொண்டாள்.