கவிழ்ந்த குண்டான்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் தங்கை மகன் யோஸ்டின், யாரும் சொல்லாமலே, பெரிய அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்துவிட்டான். என் மகன் எடியேர் பஸ் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, செருப்பை இப்போதே கழற்றுவதா, கரைக்குப் போய்க் கழற்றுவதா என்று என்னைக் கேட்டான். இரண்டு பேருக்கும் பத்து வயது. ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். எனக்கு அங்கேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

கொலம்பியா கால்பந்து ஆடுகிற ஞாயிற்றுக்கிழமையில்கூட பான்சே ஆற்றங்கரையில் கூட்டம் குறையாது. பாறைக்குப் பாறை ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, அடுப்பின் மேல் ஒரு குண்டான் சங்கோச்சோ. முட்டையிட்டு ஓய்ந்த கோழி, பச்சை வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, சோளக்கதிர் எல்லாம் சேர்ந்து கொதிக்கிற அந்தச் சாறு வீட்டு அடுப்பில் வைத்தால் ருசிக்கவே ருசிக்காது. விறகுப் புகை படவேண்டும், பக்கத்துப் பாறைக்காரர்களின் பாட்டுப்பெட்டி காதைக் கிழிக்கவேண்டும்.

என் தங்கை ஒஃபிருக்கு பேக்கரியில் வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். மகனை எழுப்பிவிடக்கூட வீட்டில் இருக்க மாட்டாள். அவன் தானே எழுந்து, தானே முட்டை பொரித்துத் தின்று, பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறான். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். எடியேருக்குக் காலையில் சாக்லேட்டைக் காய்ச்சி, நுரைக்க ஆற்றி, பள்ளிக்கூட வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். மத்தியானம் அதே வாசலில் வெயிலில் நின்று கூட்டி வருகிறேன். பாடுபட்டவள் நான். சொல்லாமலே வேலை செய்கிற பிள்ளை அவளுக்கு. இது என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் அதைப் பெருமையடித்துக்கொள்ளவும் மாட்டாள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். "அவன் பாட்டுக்கு இருப்பான்க்கா" என்பாள், ஏதோ வீட்டில் சுற்றுகிற பூனையைப் பற்றிப் பேசுவதுபோல.

என் கணவர் ஹில்டார்டோ இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்குபடுக்கையைக் கட்டி, அதில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். ஒஃபிர் கோழியை வெட்ட உட்கார்ந்தாள். யோஸ்டின் வழக்கம்போல அடுப்புக் கல் எடுக்கக் கிளம்பினான். நான் அவனைத் தடுத்து, விறகுக்குப் போகச் சொன்னேன். இன்றைக்கு அடுப்பு வைக்கப்போவது எடியேர் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். எடியேர் என்னை நிமிர்ந்து பார்த்தான். "உன் வயசுதானே அவனுக்கும்? அவன் கை மட்டும் இரும்புலயா செஞ்சிருக்கு? போடா" என்றேன். போனவனைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே இரு" என்றும் சொன்னேன்.

அவன் கல் கொண்டுவந்ததை நான் பார்க்கவில்லை. யோஸ்டினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெட்டுக்கத்தியை ஓங்கி விறகைப் பிளந்துகொண்டிருந்தான். ஒஃபிர் ஒரு தடவைகூடத் திரும்பி, விரல் பத்திரம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருக்க ஒரு தாய்க்கு எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்தேன்.

எடியேரின் அடுப்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று உருண்டைக் கற்கள், வழுவழுவென்று, ஒரே அளவில். வெயிலில் மேல்புறம் உலர்ந்தும் இருந்தன. ஆற்றுக்கு வந்து பழகிய எந்தக் குழந்தைக்கும் தெரியும், தண்ணீரில் கிடந்த கல்லை அடுப்புக்கு வைக்கக் கூடாது. உள்ளே ஊறியிருக்கிற ஈரம் சூடேறியதும் கல் வெடிக்கும். காய்ந்த கல் ஆற்றின் திருப்பத்துக்கு அப்பால் மேட்டில்தான் கிடைக்கும். அங்கே போனால் என் கண்ணுக்குத் தெரிய மாட்டான். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, என் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தண்ணீருக்குள்ளிருந்து எடுத்துவந்திருக்கிறான்.

சாறு மஞ்சளாகத் திரண்டு, கொத்தமல்லி போடுகிற பக்குவத்துக்கு வந்த நேரத்தில் ஒரு கல் வெடித்தது. குண்டான் சரிந்து, அத்தனையும் மணலில் கொட்டியது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. எங்கிருந்தோ இரண்டு நாய்கள் ஓடிவந்து கோழித் துண்டுகளைக் கவ்விக்கொண்டு போயின.

எடியேரின் முகம் வெளுத்துவிட்டது. இப்போது ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வான் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். மத்தியானச் சாப்பாடு மண்ணாகிப் போயிருக்கிறது, எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். யோஸ்டின் எவனுக்கு வேண்டுமானாலும் வீரனாக இருந்துகொள்ளட்டும். அழும்போது என் பிள்ளை என்னிடம்தான் வருவான்.

வந்தான். பாதி வழியில் நின்றான். திரும்பிப்போய், ஒரு துணியைச் சுற்றிக் குண்டானை நிமிர்த்தினான். "கல்லு நான் எடுத்ததுதான்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். பிறகு கேட்டான். என்னை இல்லை.

"சித்தி, இப்ப என்ன பண்றது?"

ஒஃபிர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "குண்டானைக் கழுவு. எடுத்துக்கிட்டு அடுப்பு அடுப்பாப் போ. நடந்ததைச் சொல்லி ஆளுக்கு ஒரு கரண்டி கேளு. கொட்டிப்போச்சுன்னு சொன்னா ஆத்தங்கரையில ஒருத்தரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

அது உண்மைதான். நாங்களும் எத்தனையோ பேருக்கு ஊற்றியிருக்கிறோம். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் புள்ளையப் பிச்சை எடுக்க அனுப்பறியா?" என்றேன்.

"உன் புள்ளைதானே கொட்டினான்? அவன்தான் போகணும்."

நானும் கூடப் போகிறேன் என்றேன். கடையில் ஐஸ் வேண்டும் என்று கேட்கக்கூட என் பின்னால் ஒளிகிறவன், முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி வாய் திறப்பான்? நீ போனால் உனக்குத்தான் கொடுப்பார்கள், அவனுக்கு இல்லை என்றாள் ஒஃபிர். யோஸ்டின் தான் துணைக்கு வருவதாகச் சொல்லி எழுந்தான். எடியேர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, குண்டானை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனான்.

நான் பாறைமேல் ஏறி நின்று பார்த்தேன். முதல் அடுப்பின் முன்னால் போய்ச் சும்மா நின்றான். நின்றுகொண்டே இருந்தான். அங்கிருந்த தாடிக்காரர் ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். தாடிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்து, கரண்டி நிறைய ஊற்றினார். அடுத்த அடுப்பு. அதற்கடுத்தது. பிறகு திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

பாறையிலிருந்து இறங்கிவந்து ஒஃபிரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். உனக்கென்ன, தானாக வளர்ந்த பிள்ளை, கஷ்டமில்லாமல் கிடைத்தது, அதனால்தான் ஊரான் பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிப் பார்க்கிறாய் என்று கத்தினேன். அவள், யோஸ்டின் விறகு அடுக்கும் இடத்துக்குப் போய்விட்டானா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் அவனுக்குக் காய்ச்சல் வந்து போயிருக்கு. எனக்குத் தெரியாதுக்கா. குப்பையில மாத்திரை அட்டையைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. கேட்டா, நீ தூங்கிட்டு இருந்தேம்மாங்கறான். உன் புள்ளை ஒரு தும்மல் வந்தாலும் உன்கிட்ட ஓடி வந்து சொல்றான். பாத்துட்டு எனக்கு எப்படி இருக்கும்?"

அவள் கண் கலங்கியிருந்தது. தங்கை அழுகிறாளே என்று எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமாக அவளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பது கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆமாம், என் பிள்ளை என்னிடம் எதையும் மறைக்க மாட்டான் என்று ஆறுதல்போலச் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் எடியேர் திருப்பத்தில் தெரிந்தான். குண்டானின் ஒரு காதை அவன் பிடித்திருந்தான். இன்னொரு காதைப் பிடித்திருந்தது மஞ்சள் நீச்சலுடை போட்ட, வாட்டசாட்டமான ஒரு பெண். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என் பிள்ளை கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, அவள் நடக்க முடியாமல் நின்று நின்று சிரித்தாள். அவன் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

அவள் பெயர் எலித். கடற்கரைப் பக்கத்துக்காரி. குண்டானை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் அம்மாவா? என்னமா பேசறான் உங்க பையன். கல்லு வெடிச்ச கதையைச் சொல்லியே என் புருஷன் தட்டுல இருந்த கோழித் தொடையை வாங்கிட்டான்னா பாருங்களேன். பாவம், காலையில அந்த சாக்லேட்டை மட்டும் குடுக்காதீங்க. ரெண்டு வருஷமாப் பிடிக்கலையாம். நீங்க வருத்தப்படுவீங்கன்னு குடிச்சிட்டு இருக்கானாம்."

ஒஃபிர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள், எனக்குத் தெரியும். எடியேர் மணலைக் காலால் கீறிக்கொண்டிருந்தான். நான் எலித்துக்கு நன்றி சொன்னேன். அந்த மஞ்சள் நீச்சலுடையோடு அவளை ஆற்றில் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. பத்து வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குச் சொல்லாததை, ஒரு கரண்டி சாறு ஊற்றியவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

ஹில்டார்டோ வாசனைக்கு எழுந்து வந்தார். எடியேரே எல்லாருக்கும் ஊற்றினான். ஓர் அடுப்புக் கோழி, ஓர் அடுப்புப் பன்றி எலும்பு, எலித்தின் அடுப்பிலிருந்து தேங்காய்ப்பால் மணக்கிற மீன். இப்படி ஒரு சங்கோச்சோவை வாழ்நாளில் குடித்ததில்லை என்றார் ஹில்டார்டோ. யோஸ்டின் மூன்றாவது முறை தட்டை நீட்டினான். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நன்றாக இருந்தது என்பதுதான் அதற்குக் காரணம்.

எலித்தின் கரண்டி எங்கள் குண்டானிலேயே தங்கிவிட்டது. எடியேர் அதை ஆற்றில் அலசி, கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். செருப்பைப் பற்றி என்னைக் கேட்கவில்லை. நான் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். "இருடா, நானும் வர்றேன்" என்றேன்.

அவன் நின்று திரும்பினான். முகத்தில் கோபமில்லை, சலிப்புமில்லை. பள்ளிக்கூட வாசலில் நான் அவனிடம் பேசுகிற அதே பொறுமையோடு பேசினான்.

"நீ இரும்மா. அங்க பாறை வழுக்கும். உனக்கு வழி தெரியாது."

பாறைக்குப் பாறை தாவித் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டான். அவன் வயதிலிருந்து இந்த ஆற்றில் குளிக்கிறவள் நான். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.