தையல் டீச்சரின் கணக்கு வகுப்பு

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வை அந்தப் பள்ளியில் அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். பத்தொன்பது பேர் தேறினார்கள். மாவட்டக் கல்வி அலுவலகம் கொதித்துப்போய், குளிரூட்டிய அறையில் கூட்டம் போட்டது.

"நாப்பத்திமூணு பேர் ஃபெயில். கிளாஸ்ல என்னதாம்மா பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"நான் தையல் டீச்சர் சார். கணக்கு டீச்சர் மாறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அதுலேருந்து நான்தான் கணக்கும் எடுக்கிறேன். ஆள் கேட்டுப் பதினோரு லெட்டர் போட்டோம்."

"சாக்கு சொல்லாதீங்க. உங்ககிட்ட ஊக்கம் இல்ல, அதான் விஷயம்."

ஊக்கமில்லாதவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி என்று உத்தரவானது. இருந்த அரைகுறைக் கணக்கு டீச்சரையும் வகுப்பிலிருந்து கிளப்பியதுதான் பிள்ளைகளுக்காக அலுவலகம் எடுத்துவைத்த முதல் அடி.

பயிற்சியாளர் மைக்கை மாட்டிக்கொண்டு, "கையைத் தட்டி, 'என்னால் முடியும்'னு சொல்லுங்க!" என்றார். பல பள்ளிகளிலிருந்து வந்திருந்த முப்பத்திரண்டு ஆசிரியர்களும் தட்டினார்கள்.

தையல் டீச்சர் எழுந்தாள். "சார், முக்கோணவியல் எனக்கே தகராறு. அதைக் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

"பாடம் முக்கியமில்ல மேடம். மனசுதான் முக்கியம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் விசாரித்தாள். பக்கத்தில் ஓவியம், எதிரில் பாட்டு, அந்தப் பக்கம் உடற்பயிற்சி. எல்லோருமே இப்போது கணக்கு. நிஜமாகவே கணக்குப் படித்தவள், கொண்டையில் பென்சில் செருகியிருந்த ஒருத்திதான்.

"அக்கா, புண்ணியமாப் போகும். அந்த சைன், காஸை என் மண்டைல ஏத்துங்க."

"இங்கேயா?"

"பின்னாடி சைக்கிள் ஸ்டாண்ட் காலியா இருக்கு."

முதல் நாள் நான்கு பேர். கடைசி நாள் இருபத்தாறு பேர். உள்ளே பயிற்சியாளர் மீதி ஆறு பேரின் மனசை முக்கியமாக்கிக்கொண்டிருந்தார். சுண்ணக்கட்டியால் தரையில் கோணம் போட்டுப் பார்த்தபோது, இரண்டு வருஷமாகத் தான் எதைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தோம் என்பது அவளுக்குப் புரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுறதை வீட்ல வச்சுக்கலாம். அடுத்ததைப் போடுங்க" என்றாள் பென்சில்காரி.

பயிற்சி முடிந்து வகுப்புக்குத் திரும்பிய தையல் டீச்சர், "முக்கோணவியலை நான் தப்பா நடத்திட்டேன். முதல்லேருந்து வரலாம்" என்றாள்.

"ஐயோ, மறுபடியுமா!" என்றது பின்பெஞ்சு.

அடுத்த ஆண்டு நாற்பத்தொரு பேர் தேறினார்கள். அலுவலகம் பூரித்துப்போய்ப் பயிற்சியாளருக்குக் கேடயம் கொடுத்தது. பள்ளிக்கும் ஒரு கடிதம் வந்தது: தேர்ச்சி திருப்திகரமாக இருப்பதால், காலியாக உள்ள கணக்கு ஆசிரியர் பணியிடம் நீக்கப்படுகிறது.