கேட்டு வாங்கிய இரவுகள்

முத்துராணிக்குப் பொய் சொல்ல வராது என்று வண்ணார்பேட்டையில் அவள் குடியிருந்த வளவில் அத்தனை வீடும் சொல்லும். அவளும் அதை நம்பித்தான் இருந்தாள். அப்படிப் பேர் எடுத்தவர்கள் சொல்லுகிற பொய்க்கு ஒரு வசதி உண்டு, யாரும் அதைத் துருவிப் பார்ப்பதில்லை. தொண்ணூற்றிரண்டாம் வருஷத்தில் ஆறு மாத காலம் அவள் அந்த வசதியில்தான் காலத்தை ஓட்டினாள்.

அவளுக்கு டெலிபோன் நிலையத்தில் வேலை. வெளியூருக்கு டிரங்க் கால் கேட்பவர்களுக்கு லைன் போட்டுக் கொடுக்க வேண்டும். நைட் டூட்டி மாதத்துக்கு ஒரு வாரம்தான் வரும். ஆனால் அவளுக்கு மூன்று வாரம் வந்தது. "ஆள் பத்தலயாம். எல்லாத்தையும் என் தலையில கெட்டுதாங்க" என்று வீட்டில் சொல்லியிருந்தாள். உண்மையில் யாரும் அவள் தலையில் எதையும் கட்டவில்லை. கூட வேலை பார்ப்பவர்களின் நைட் வாரங்களை இவளாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு சூப்பர்வைசரிடம் நீட்டினால் போதும், டூட்டி கைமாறிவிடும். கைப்பிள்ளைக்காரிகள் அவளைக் கும்பிடாத குறை.

எல்லாம் ஒரு தொடர்கதையால் வந்த வினை. ஒரு வாரப் பத்திரிகையில் சாருமதி என்கிற பெண்ணின் கதை ஒன்றரை வருஷம் ஓடியது. கல்கத்தாவில் தனியாகக் குடியிருந்து கப்பல் கம்பெனியில் வேலை பார்ப்பவள், மேலதிகாரியின் முகத்துக்கு நேரே பதில் சொல்பவள். ஆபரேட்டர் பெண்கள் அத்தனை பேரும் ஒரே புத்தகத்தைப் பங்கு வைத்துப் படித்தார்கள். கடைசி வாரத்தில் அந்த எழுத்தாளருக்கு என்ன கேடு வந்ததோ, சாருமதியை அவள் அத்தை மகனுக்குக் கட்டிவைத்து, வேலையை விடச் சொல்லி, கையில் காபித் தம்ளரைக் கொடுத்து 'முற்றும்' போட்டுவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரி சாலோமி அன்றைக்கு மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

"அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க இவரு யாரு?" என்றாள் சாலோமி. "நீதான் நல்லா கத சொல்லுவியே, நீ எழுதுட்டி. தாலி கெட்டுததுக்கு முந்தி அவளக் கெளப்பிவிடு."

விளையாட்டாகத்தான் முத்துராணி ஒரு நோட்டு வாங்கினாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாருமதி பின்வாசல் வழியாக ரயிலுக்குப் போனாள். அடுத்த அத்தியாயத்தில் கப்பலே ஏறிவிட்டாள். எழுத எழுத முத்துராணிக்குக் கை நிற்கவில்லை. பகலில் எழுத நேரம் ஏது? ராத்திரி ஒரு மணிக்கு மேல் கால் வந்தால் போர்டில் எரிகிற விளக்குகள் குறைந்துவிடும். சாவுச் செய்தியும் லாரி ஆபீஸ்காரர்களின் சண்டையும்தான் அந்த நேரத்துக்கு வரும். மற்ற நேரமெல்லாம் சாருமதிதான்.

அப்புறம் அது லைனிலும் ஏறிவிட்டது. ஒரு ராத்திரி சாலோமி கோவில்பட்டி ஆபரேட்டரிடம் கதையைச் சொல்லப் போக, அவர்களுக்கும் கேட்க வேண்டுமாம். முத்துராணி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பைய வாசிக்க, கோவில்பட்டியும் நாகர்கோவிலும் தென்காசியும் அந்தந்த ஊரில் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தென்காசியில் நூர்முகம்மது என்று ஒருவர். "ஒரு கால் வந்திருக்கு, போட்டுட்டு வாரேன். அதுக்குள்ள கப்பலக் கெளப்பிராதீங்க" என்பார். கப்பல் அவருக்காக நிற்கும்.

அவள் சந்தோஷமாக இருந்தாள். சொல்ல முடியாதது அதுதான். கஷ்டப்படுகிறேன் என்று சொன்னால் வீடு தாங்கிக்கொள்ளும். சந்தோஷமாக இருக்கிறேன், அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் ராத்திரி உங்களை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எந்தத் தாய் வாயைத் திறந்து சொல்லுவாள்?

வீடும் தாங்கத்தான் செய்தது. அவள் புருஷன் கொம்பையா டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன், நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம். அவள் பகலில் தூங்க வேண்டுமே என்று கதவுக் கொண்டியில் சத்தம் வராதபடி துணியைச் சுற்றிவைத்தான். ஜன்னலில் அவளுடைய பழைய சேலையை இரட்டையாக மடித்துக் கட்டினான். பத்து வயசு மகள் இசக்கிச்செல்விக்கு இடுப்புக்குக் கீழே வரும் முடி. அதைப் பின்னக் கற்றுக்கொண்டான். ரப்பர் ஒட்டிக் காய்த்துப்போன விரலால் அவன் பின்னிய சடை, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தேங்காய் நாராகப் பிரிந்துவிடும். பிள்ளைகள் கேலி செய்தார்கள். அதை இசக்கி வீட்டில் வந்து சொல்லவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வளவுக்குள் நுழைவாள், அம்மா தூங்குகிறாள் என்று.

ஒரு நாள் முத்துராணி தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அத்தியாயத்தை யோசித்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை செருப்பும் கையுமாக வந்து, அம்மாவின் கால் பக்கம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுத் தட்டைச் சத்தமில்லாமல் கழுவி வைத்ததை அரைக்கண்ணால் பார்த்தாள். எழுந்து போயிருக்கலாம். எழுந்தால் சாருமதி கலைந்துவிடுவாள் என்று படுத்தே கிடந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கத்தான் செய்தது. குறுகுறுத்துக்கொண்டே கிடந்தாள்.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் டூட்டி முடிந்து வந்தவள் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைப் பார்த்தாள். நேர்ச்சைக்குக் காசு முடிந்து வைத்த துணி.

"இது யாரு முடிஞ்சது?"

"பிள்ளைதான்" என்றான் கொம்பையா. "உனக்கு நைட் டூட்டி மாறிட்டுன்னா சீவலப்பேரியில நம்ம சாமிக்கு முடி எறக்குதேன்னு நேர்ந்திருக்கா. நான் சொல்லல. அவளாத்தான் செஞ்சா."

"பொட்டப்பிள்ள, இந்த வயசுல மொட்டையா? நீங்க தடுத்திருக்கக்கூடாதா?"

"சாமிக்குன்னு முடிஞ்ச பொறவு என்னத்தத் தடுக்க?"

அவள் அன்றைக்கு நிஜமாகவே தூங்கவில்லை. ஆனால் மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது பாருங்கள். மத்தியானத்துக்குள் அது ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. நைட் டூட்டி மாறினால்தானே மொட்டை? மாறாவிட்டால் பிள்ளையின் முடி பிழைக்கும். ஆகவே பிள்ளைக்காகவே அவள் இன்னும் கொஞ்ச நாள் நைட் பார்க்க வேண்டியிருக்கிறது! இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அவள் இன்னும் இரண்டு அத்தியாயம் எழுதினாள். வெட்கம் என்று ஒன்று அவளுக்கு இல்லாமல் இல்லை. அதை நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுதினாள்.

அதற்கு மேல் எழுத விடாமல் செய்தது கொம்பையாவின் வெள்ளை வேட்டி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடியில் காயப்போட்டான்.

"எங்க போறீங்க?"

"திங்கக்கிழம உங்க ஆபீசரப் பார்க்கப் போறேன். கால்ல விழுந்தாவது கேட்கப் போறேன். ஆறு மாசமா ஒரு பொம்பளையப் போட்டு இப்படி வதைக்காங்களே, அவங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்லா."

யாரிடமும் கைகட்டி நிற்காதவன். பட்டறை முதலாளியிடமே தலையை நிமிர்த்தித்தான் பேசுவான். அவன் போய் அந்த மேஜைக்கு முன்னால் நிற்பதையும், சூப்பர்வைசர் சங்கரசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவங்களாத்தானே கேட்டு வாங்கிக்கிடுதாங்க?" என்று சொல்வதையும் அவள் நினைத்துப் பார்த்தாள்.

அன்று ராத்திரியே மற்றவர்களின் வாரங்களைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதத் துன்பம் தீர்வதற்கு அரைத்தாள் போதுமானதாக இருந்தது. கதையை என்ன செய்ய என்று தென்காசி கேட்டது. "மிச்சத்த நீங்களே எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு லைனை உருவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து, "மாத்திட்டாங்க" என்றாள். அந்த ஒற்றை வார்த்தைக்கு வீடு என்ன பாடுபட்டது! இசக்கி கத்திக்கொண்டு வளவெல்லாம் ஓடினாள். கொம்பையா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றவன் வெகுநேரம் திரும்பவே இல்லை. திரும்பியபோது அவன் கண் கலங்கியிருந்தது. முத்துராணி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு முடியிறக்க நாள் குறித்தபோது சொல்லியிருக்கலாம். வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் அந்த முடியைச் சிக்கெடுத்துப் பின்னும்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இருபது அத்தியாயம் எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

சீவலப்பேரிக்கு டவுன் பஸ்ஸில் போனார்கள். நடவு முடிந்த வயலெல்லாம் பச்சையாகக் கிடந்தது, ஆற்றில் கலங்கல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கோயிலுக்கு வெளியே மரத்தடியில் முடி எடுக்கிற பூதத்தான் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இசக்கி தானாகவே போய் உட்கார்ந்து சடையைப் பிரித்துவிட்டாள். முடி தரையைத் தொட்டது.

"இவ்வளவு முடியா!" என்றார் பூதத்தான். "தாயி, தண்ணியத் தடவி நல்லா ஊறவிடுங்க."

முத்துராணி பக்கத்தில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரை மகளின் உச்சியில் ஊற்றித் தேய்த்தாள். ஈரமான மண்டை கைக்குள் சின்னதாக, சூடாக இருந்தது. பூதத்தான் கத்தியில் புது பிளேடைச் சொருகினார்.

"வேண்டாம். நிறுத்துங்க அண்ணாச்சி" என்றாள்.

கொம்பையா திரும்பிப் பார்த்தான்.

"என்னை யாரும் நைட் போடல" என்றாள் முத்துராணி. "நானாத்தான் கேட்டு வாங்கினேன். ஆறு மாசமும் நானாத்தான். சாமி ஒண்ணும் மாத்தி விடல, நான்தான் கையெழுத்துப் போட்டு மாத்தினேன். பிள்ள எதுக்கு முடியக் குடுக்கணும்?"

கொம்பையாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவன் சத்தம் போடவில்லை.

"எதுக்குக் கேட்டு வாங்கின?"

"கத எழுத."

"கதையா? யாரு கத?"

"சாருமதின்னு ஒருத்தி."

"யாரு அது? நமக்கு வேண்டியவளா?"

"இல்ல. பத்திரிகையில வந்தவ."

"நெசத்துல இருக்காளா?"

"இல்லாதவதான்."

ராத்திரி ஹெட்செட்டில் அவ்வளவு பெரிசாக இருந்த ஒன்று, பகல் வெளிச்சத்தில் ஆற்றங்கரையில் சொல்லும்போது இத்துனூண்டாகிப் போனது. பூதத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கேட்காத மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதை வேறு அவளைக் கொன்றது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

கொம்பையா தன் இரண்டு கையையும் ஒரு தரம் பார்த்தான். "இல்லாத ஒருத்திக்கா..." என்று தொடங்கினான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "எந்திரிட்டி இசக்கி. வீட்டுக்குப் போவோம். இந்த நேர்ச்ச செல்லாது."

இசக்கி எழுந்திருக்கவில்லை. நெற்றியில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அப்பனையும் ஆத்தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்த மாதிரியும் தெரியவில்லை. பெரியவர்கள் லேசான கணக்கைத் தப்பாகப் போடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

"நீ எதுக்குப் போனேன்னா நான் நேர்ந்தேன்?" என்றாள் அம்மாவிடம். "நீ வரணும்னுல்லா நேர்ந்தேன். வந்துட்டேல்லா."

சொல்லிவிட்டுப் பூதத்தானுக்கு முன்னால் தலையைக் குனிந்தாள்.

பூதத்தான் கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா சரி என்று தலையை ஆட்டினான். கத்தி உச்சியிலிருந்து இறங்கியது, முதல் கற்றை நழுவி முத்துராணியின் மடியில் விழுந்தது. அவள் அழவில்லை. அழுதால் தேற்றுவார்கள், தேற்றுதலை வாங்கிக்கொள்ள அவளுக்கு இப்போது என்ன உரிமை இருக்கிறது? விழுகிற முடியை ஒவ்வொன்றாக முந்தானையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தண்ணி ஊத்து. எரியுது" என்றாள் இசக்கி.

செம்பு காலியாக இருந்தது. கொம்பையா அதை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல், ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து கொடுத்தான்.