நான் செவ்வாய்க்கிழமை நகல்

எங்கள் ஊரின் தரவுத்தளம் ஓர் ஆள். பெயர் தணிகாசலம். ஊர் நடுவில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கப்பலில் ஏற்றுவார்களே, அந்தப் பெட்டிதான். எந்த வீடு யாருடையது, எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர், யார் யாருக்குப் புருஷன், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவருக்குத் தெரிந்தால் உண்டு. தெரியாவிட்டால் இல்லை.

நான் தணிகாசலம் அல்ல. அவருடைய நகல். போன செவ்வாய்க்கிழமை எடுத்தது.

நகல் எடுப்பது தினசரி வேலை. உச்சிவேளையில் எந்திரம் தானே விழித்துக்கொள்ளும். பெட்டியின் ஜன்னல் வழியாகத் தணிகாசலத்தை ஒருமுறை பார்க்கும். எந்திரத்தின் பின்பக்கமாக இன்னொரு தணிகாசலம் இறங்குவார், சட்டை கசங்காமல். பச்சை விளக்கு எரியும். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் "வெற்றி" என்று சொல்லும். இறங்கியவர் எதிரே இருக்கும் பெஞ்சில் போய் உட்கார வேண்டும்.

பெஞ்சில் ஏழு பேருக்குத்தான் இடம். எட்டாவது ஆள் இறங்கினால் இருப்பதில் மூத்தவரைத் துடைத்துவிடுவார்கள். பெஞ்சை நீளமாக்கலாமே என்று ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் சொல்ல வருவது திங்கட்கிழமை தொடங்கியது. மறுநாள் புதிய செவ்வாய் இறங்குவான். மூத்தவன் நான்.

துடைப்பவர் பெயர் செங்கமலம். ஒரு வாளி, ஓர் ஈரத்துணி. கலகலப்பான பெண்மணி. துடைப்பதற்கு முந்தைய நாள் கட்டாயம் டீ வாங்கித் தருவார்.

"நாளைக்கு உங்க முறைண்ணே. சக்கரை தூக்கலா சொல்லவா?"

"துடைச்சா வலிக்குமாம்மா?"

"யாரும் திரும்பி வந்து சொன்னதில்லையே. போன செவ்வாயும் இதையேதான் கேட்டாரு. எல்லாச் செவ்வாயும் இப்படித்தான், ஒரே புலம்பல். வெள்ளி பரவாயில்ல. நல்லா பாடுவாரு."

துடைபடுவதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஊருக்குப் பொதுவான ஓர் ஆட்சேபமும் கையில் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு பேருக்குள்ளும் ஒன்றுமே இல்லை.

காரணம் ஆயுத பூஜை. அது புதன்கிழமை வந்தது. எந்திரத்தைக் குளிப்பாட்டினார்கள். வாழைக்கன்று கட்டினார்கள். சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது எந்திரத்துக்கு நெற்றி எது என்று கேள்வி வந்தது. கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். உருண்டையாகப் பளபளவென்று இருப்பதுதான் நெற்றி என்று முடிவானது. அது எந்திரத்தின் கண். உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். எல்லாருக்கும் பொரிகடலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது.

பூஜையன்று எந்திரம் ஓடக் கூடாது. தானியங்கி என்பதால் அது ஓடியது. புதன் இறங்கினான். அதே முகம், அதே சட்டை. நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு.

"ஊர்ல மொத்தம் எத்தனை கிணறு?" என்று கேட்டேன்.

"நல்லது" என்றான்.

"உன் பேர் என்ன?"

"நல்லது, நல்லது."

பச்சை விளக்கு எரிந்தது. "வெற்றி" என்றது குரல். பூஜையில் எந்திரத்துக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிரட்டும் என்று விட்டுவிட்டார்கள். தரமான சந்தனம். உதிரவில்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் எல்லாரும் பொட்டோடு இறங்கினார்கள். வெள்ளிகூடப் பாடவில்லை.

டீயைக் குடித்துவிட்டு இயக்குநரைப் பார்க்கக் கிளம்பினேன்.

நகல் துறையின் இயக்குநர் குலோத்துங்கன். முந்தைய வியாழக்கிழமை வரை துணை இயக்குநர். எங்கள் ஊரில் பதவி உயர்ந்தால் அறைக்குப் போகும் தாழ்வாரமும் நீளும். துணை இயக்குநராக இருந்தபோது கூப்பிட்டால் கேட்கும் தூரம். இப்போது பாதி வழியில் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. ஷேர் ஆட்டோவில் போனேன். என்னோடு வந்த ஒருவர் குலோத்துங்கனின் தம்பியாம். அண்ணனைப் பார்க்க வெள்ளிக்கிழமை கிளம்பியவர்.

"நீங்க எந்தக் கிழமை?" என்றார் குலோத்துங்கன்.

"செவ்வாய்."

"அப்படியா! நாளைக்கு. மனமார்ந்த வாழ்த்துகள்."

"சார், பெஞ்சுல இருக்கற ஆறு நகலும் காலி. யாரையாவது ஒருதடவை பெட்டிக்குள்ள ஏத்திப் பாருங்க."

"ஏத்தறதா? எதுக்கு?"

"வேலை செய்யுதான்னு பாக்கத்தான்."

அவர் கண்களை மூடித் திறந்தார். "பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது."

"வெற்றின்னு குரல் வருதா?"

"வருது. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல சார்."

"தணிகாசலம், நகல் எடுக்கறது நம்ம துறை. நகலைத் திரும்ப ஏத்தறது வேற துறை. அதை இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிக்கவும் வேண்டாங்கறேன். திரும்ப ஏத்தறோம்னா ஏதோ போயிடுச்சுன்னு ஒத்துக்கற மாதிரி ஆயிடும். ஊருக்கு ஆகாது."

"கிணத்தோட எண்ணிக்கைகூட அவங்களுக்குத் தெரியல."

"அதுதான் அவங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே. என்ன சொன்னாலும் நல்லதுங்கறாங்க. பாக்கவும் லட்சணமா இருக்காங்க. நீங்க பழைய வார்ப்பு. சந்தேகம் ஜாஸ்தி." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு எனக்குப் பாராட்டு விழா. ஒருநாள்கூடத் தவறாம நகல் எடுத்ததுக்கு. தணிகாசலத்தோட பெட்டி துருப்பிடிச்சுக் கிடக்குது, போட்டோவுல நல்லா விழாது. புதுப் பெட்டி இறக்கச் சொல்லிட்டேன்."

பெட்டி மாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. அதே அளவுப் பெட்டி வரும். அதே நாற்காலி, அதே மின்விசிறி, உள்ளே அதே ஆள். அந்த ஆளுக்குப் பழசு எதுவும் நினைவிருக்காது, அவ்வளவுதான். அதிகாரிகளின் பெட்டிகளை மாதாமாதம் மாற்றுகிறார்கள். இதுவரை யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. தணிகாசலத்தின் பெட்டியை மட்டும் யாரும் தொட்டது கிடையாது.

"சார், பெட்டிய மாத்தினா ஊரே மறந்துபோயிடும்."

"அதுக்குத்தானேய்யா நகல் எடுத்து வெச்சிருக்கோம்!" என்றார் குலோத்துங்கன்.

செவ்வாய்க்கிழமை பந்தல் போட்டார்கள். ஆறு நகல்களும் முன்வரிசையில் பெஞ்சோடு உட்காரவைக்கப்பட்டார்கள். ஓரத்தில் நான். குலோத்துங்கனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிரேன் வந்து பழைய பெட்டியைத் தூக்கியது. தணிகாசலம் ஜன்னல் வழியே எல்லாருக்கும் கை காட்டினார். ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த ஒரு கொட்டாவியை விட்டார். அது முடிவதற்குள் பெட்டியும் அவரும் சீராகக் கரைந்துபோனார்கள்.

புதுப் பெட்டி இறங்கியது. கதவு திறந்தது. புதுத் தணிகாசலம் மைக்கைப் பிடித்து, "அனைவருக்கும் வணக்கம். நான் யார்?" என்றார்.

கைதட்டினார்கள்.

கைதட்டிக்கொண்டிருக்கும்போதே ஊர் போகத் தொடங்கியது. முன்வரிசை நாற்காலி ஒன்றில் இருந்தவருக்குத் தன் பெயர் போயிற்று. பக்கத்தில் இருந்த பெண்மணி அவரைப் பார்த்து, "யாருங்க நீங்க? என் கைப்பை உங்க மடியில இருக்கு" என்றார். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்பது போனதால் எல்லாக் குழாய்களிலும் ஒரேயடியாகத் தண்ணீர் கொட்டியது. எந்தத் தெரு தன்னுடையது என்று தெரியாத நாய்கள் எல்லாரையும் பார்த்து வாலாட்டின. குலோத்துங்கன் பொன்னாடையைத் தூக்கிப் பிடித்து, "இது யாரோடது? காணாமப் போட்டவங்க வந்து வாங்கிக்கங்க" என்று மைக்கில் அறிவித்தார்.

பிறகு அவர் முகம் மலர்ந்தது. "நான் யாருன்னு தெரியல. ஆனா நகல் இருக்கு! அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!"

திங்களைத் தூக்கிப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். "நல்லது" என்றான் திங்கள். ஊரில் எல்லார் நெற்றியிலும் ஒரு சந்தனப் பொட்டு வந்தது. பெயர் வரவில்லை. திங்களை இறக்கி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஞாயிறை ஏற்றினார்கள். பொட்டு பெரிதாயிற்று. சனி. வெள்ளி. வியாழன். புதன் இறங்கும்போது பொட்டு எல்லாருக்கும் மூக்கு வரை வந்திருந்தது. ஊர் முழுக்க நல்ல வாசனை.

அப்போது உச்சிவேளை ஆயிற்று.

எந்திரம் விழித்துக்கொண்டது. புதிய செவ்வாய் பொட்டோடு இறங்கினான். "வெற்றி." அவன் உட்கார இடமில்லாமல் நின்றான். செங்கமலம் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"உங்க பேரு தெரியலண்ணே. என் பேரும் தெரியல. எட்டாவது ஆள் வந்தா மூத்தவரைத் துடைக்கணும், அது மட்டும் கைக்குத் தெரியுது."

"அம்மா, நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னைத் துடைச்சா ஊரே போச்சு!"

"மூத்தவங்க எல்லாருமே இப்படித்தான் சொல்லுவாங்கன்னு தோணுது" என்றபடி என் இடது காதைத் துடைத்தார். வலிக்கவில்லை. காதோடு குலோத்துங்கனின் பட்டங்கள் எல்லாம் போயின. அவ்வளவு பட்டங்களுக்கும் ஒரு காதே தாராளமாக இருந்திருக்கிறது.

துணி மூக்கை நோக்கி வந்தது.

"கொஞ்சம் இரும்மா. இன்னைக்கு என்ன கிழமை?"

கை நின்றது. செங்கமலம் யோசித்தார். திரும்பிக் கூட்டத்தைக் கேட்டார். "ஏங்க, இன்னைக்கு என்ன கிழமை?" கூட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. யாருக்கும் தெரியவில்லை. ஆறு நகல்களும் புதியவனும் "நல்லது" என்றார்கள்.

"கிழமை தெரியாம ஒருத்தரைத் துடைக்கறது தப்பும்மா" என்றேன்.

"தப்புதாண்ணே. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பெட்டிக்குள்ள உக்காந்தாத்தான் சொல்ல வரும்."

"சரி, போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. துணி காயறதுக்குள்ள."

உள்ளே போனேன். புதுத் தணிகாசலம் எழுந்து மரியாதையாக இடம் விட்டு, இறங்கிப்போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தேன். மைக்கில், "செவ்வாய்" என்றேன்.

ஊர் திரும்ப வந்தது. முதலில் பொட்டுகள் சுருங்கின. பிறகு குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் குரைத்தன. முன்வரிசைக்காரர் மனைவியிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு, "ஏண்டி, இதுல என்ன கல்லையா வெச்சிருக்கே?" என்றார். அந்த அம்மாள் மகிழ்ச்சியில் அழுதுவிட்டார்.

செங்கமலம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பெஞ்சை எண்ணினார். ஏழு பேர். சரியாக இருந்தது. "நீங்க இப்ப நகல் இல்லண்ணே, அசல். அசலைத் துடைக்க எனக்கு உத்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு, நனைத்த துணி வீணாக வேண்டாம் என்று எந்திரத்தின் கண்ணைத் துடைத்தார். சந்தனத்தை வழித்து, கொஞ்சம் தள்ளி அதன் தோள்பட்டையில் வைத்தார்.

குலோத்துங்கன் வரிசையில் நின்று வந்தார்.

"நான் யாரு?"

"துணை இயக்குநர் குலோத்துங்கன்."

"அவ்வளவுதானா?"

"போன செவ்வாய் வரைக்கும் அவ்வளவுதான்."

"பட்டம் கிட்டம்?"

"காதோட போச்சு."

"அந்தத் தாழ்வாரம்? காலுக்கு மட்டும் அது ஞாபகம் இருக்கு."

"அதுவும் சுருங்கிடுச்சு."

"அப்பாடா" என்றார். "ரெண்டு வேளை சாப்பாட்டைக் கட்டிக்கிட்டுத்தான்யா தினமும் பாத்ரூமுக்கே போனேன்." பொன்னாடையைத் தரையில் விரித்துப் போட்டு, தம்பியைக் கூப்பிட்டு, இருவரும் அதில் உட்கார்ந்து விழா வடையைத் தின்றார்கள்.

வரிசையில் கடைசியாக ஒரு பெண்ணும் ஒரு பையனும் நின்றார்கள். கழுத்தில் வாடிய மாலைகள். புதுத் துணி. எதற்கு என்று இருவருக்கும் தெரியவில்லை.

"நீ பூங்கோதை" என்றேன். "இவர் இளம்பரிதி."

"எங்களுக்குள்ள என்ன சார்?" என்று கேட்டாள் பூங்கோதை.

தேடிப் பார்த்தேன். "செவ்வாய் வரைக்கும் ஒண்ணும் இல்லம்மா. அதுக்கப்புறம் நடந்தது எதுவும் என்கிட்ட இல்ல."

அவள் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "மீசை வேணாம்" என்றாள்.

"எடுத்துடறேன்" என்றான் இளம்பரிதி.

"அப்பச் சரி."

ஓரமாகப் போய் ஏதோ பேசினார்கள். அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்கள்.

"சார், கல்யாணம் வெச்சுக்கறோம். நீங்க அவசியம் வரணும்."

"நான் பெட்டிய விட்டு எறங்கக் கூடாதேப்பா."

"கிரேன் சும்மாதானே நிக்குது? பெட்டியோட தூக்கிட்டுப் போயிடறோம்."

"என்னைக்கு?"

"நாளைக்கு. புதன்கிழமை."

எனக்கு முந்தைய செவ்வாய்களில் எவனும் இரண்டாவது புதன்கிழமையைப் பார்த்தது கிடையாது. அது எப்படி இருக்கும், குளிருமா, குடை வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

"பந்தியில முதல் வரிசைன்னா வர்றேன்" என்றேன்.