மேல் வரிசைப் பூனை

எங்கள் ஊர் பிரெஸ்காட் மில்ஸைப் பற்றி ஒஹையோவைத் தாண்டி எவனுக்காவது ஏதாவது தெரியும் என்றால் அது ஒன்றே ஒன்றுதான். ‘கைராசி கஸ்’ படக்கதையை வரைந்த க்ளைட் ஆமுண்ட்சன் இங்கேதான் பிறந்தார், இங்கேதான் வரைந்தார், இங்கேதான் செத்தார். கஸ் ஊர் ஊராகப் போய் ரிப்பேர் வேலை செய்கிறவன். குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வீட்டையே குளமாக்கிவிட்டுக் கூலிக்குக் கை நீட்டுவான். கோர்ட் வாசலில் அவனுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. எங்கள் மேயர்கள் எவருக்கும் சிலை கிடையாது, அதுதான் நியாயமும்கூட.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் டோட்டி சாப்பாட்டுக் கடைப் பின்மேசையில் வளர்ந்த பிள்ளைகளின் கூச்சலைக் கேட்பேன். எங்கள் கஸ் சங்கத்தில் அப்போது மிச்சமிருந்தது மூன்றே பேர். நான், ஓய்வுபெற்ற பல் டாக்டர் கில்பர்ட் ஓக்ஸ், அப்புறம் நடீன் ஸ்ட்ரவுட். சங்கத்தை ஆரம்பித்தவர் நடீனின் அப்பா மெர்ல் ஸ்ட்ரவுட். எங்கள் ஊர்ப் பத்திரிகை ‘கூரியர்’ அச்சுக்கூடத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். கஸ் படக்கதையைப் பக்கத்தில் பொருத்தி அச்சுக்கு அனுப்பியது அவர் கைதான். போதாக்குறைக்கு ஆமுண்ட்சனுக்குப் பக்கத்து வீடு. இப்போது கண் போய்விட்டது. நடீன்தான் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கட்டம் கட்டமாக அவருக்குச் சொல்லுவாள். கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல் அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டவள் அவள். அதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் ஆத்திரம் உண்டு.

பூனை விவகாரத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் படக்கதையில் மேல் வரிசை என்று ஒன்று உண்டு. இரண்டு மூன்று கட்டம், தனியாக ஒரு குட்டி வேடிக்கை. இடம் போதாத பத்திரிகை அதை வெட்டிவிடலாம், வெட்டினாலும் கீழே கதை கெடக்கூடாது என்பது படக்கதையைப் பத்திரிகைகளுக்கு விற்கிற கம்பெனியின் சட்டம். கஸ்ஸின் மேல் வரிசையில் ஒரு பூனை வரும். வேலிமேல் உட்கார்ந்து பக்கத்து வீட்டுத் தோட்டத்தையே பார்க்கும். பேச்சில்லை, சிரிப்பில்லை. வருஷக்கணக்காக அதே பூனை, அதே வேலி. ‘பூனை எதைப் பார்க்கிறது?’ என்று இன்டர்நெட்டில் கஸ் ரசிகர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போடுவார்கள். எலி என்பான் ஒருத்தன், சாவு என்பான் இன்னொருத்தன். காமிக்ஸ் ரசிகனைப் போல வெட்டிச் சண்டைக்காரன் உலகத்தில் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பூனையை அவ்வளவாகப் பார்க்காதவர்கள் ஆமுண்ட்சனின் சொந்த ஊர்க்காரர்களான நாங்கள்தான். கூரியரில் மேல் வரிசையை வெட்டிவிடுவார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் கில்பர்ட் மினசோட்டாவிலிருந்து ஒரு பெட்டி பழைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை வரவழைத்தான். முழுப் பக்கம், கலரில், மேல் வரிசையை வெட்டாத பத்திரிகை. மேசையைத் துடைத்து, பேன்கேக் தட்டுகளை ஓரம் தள்ளி, கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் தொட விடுவேன் என்று அடம்பிடித்தான்.

“சிரப்புக் கையோட தொட்டேன்னா வெர்னா, உன் பல்லை நானே பிடுங்கிடுவேன்” என்றான்.

“இருக்கிறதே பாதி நீ பிடுங்கினதுதான். ஒழுங்கா விரி.”

விரித்தான். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்றது. ஒரே இழுப்பில் பூனையின் முதுகு. பின்னங்கழுத்தில் மயிர் சிலிர்த்திருப்பதை நாலே கோட்டில் காட்டியிருந்தார். பூனைக்கு முகமே தெரியவில்லை, ஆனாலும் அது பயந்திருப்பது தெரிந்தது. இந்த வித்தையை இத்தனை காலம் எங்கள் ஊருக்குக் காட்டாமல் விட்டார்களே என்று கூரியரைத் திட்டினேன்.

“இங்க பாருங்க, பெரிய குழப்பமே இதுதான்” என்று கில்பர்ட் ஒரு பக்கத்தைத் தட்டினான். “ஐம்பத்தெட்டு டிசம்பர். கீழே கதையில பனி, கிறிஸ்துமஸ் மரம், கஸ் கூரையிலிருந்து விழறான். மேல் வரிசையில என்ன? மரமெல்லாம் மஞ்சள் இலை. ஒரு ஆள் தோட்டத்துல குழி வெட்டி ஆப்பிள் கன்னு நடறான். டிசம்பர்ல எவன்யா கன்னு நடுவான்? ஆமுண்ட்சன் தூங்கிட்டார்ங்கிறானுங்க எல்லாரும்.”

“தூங்குற ஆளா அவரு? கஸ்ஸோட சட்டைப் பொத்தானைக்கூட எண்ணி வரையற ஆளு.”

“அதான் நானும் யோசிச்சேன். ஞாயிறு பக்கத்த எட்டுப் பத்து வாரம் முன்னாடியே வரைஞ்சு அனுப்பியாகணும். அக்டோபர்ல உக்காந்து கிறிஸ்துமஸை வரையணும். கீழே கதையை அப்படித்தான் யோசிச்சு வரைஞ்சிருக்கார். மேல் வரிசையை யோசிச்சு வரையல. ஜன்னல் வழியா என்ன தெரிஞ்சதோ அதை அப்படியே வரைஞ்சிருக்கார்.”

கண்டுபிடித்த பெருமையில் அவன் முகம் மலர்ந்திருந்தது. நானும் சபாஷ் என்றேன். நடீன் பக்கம் திரும்பியபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வேறொரு பக்கத்தின் மேல் குனிந்திருந்தாள். அதற்கு ஒரு வாரம் முந்தைய பக்கம்.

அதில் பூனைக்கு எதிரே துணி காயும் கயிறு. முதல் கட்டத்தில் ஒரு பெண்ணின் துணிகள், ஆண் சட்டை, ஒரு குழந்தையின் கவுன். இரண்டாம் கட்டத்தில் ஆண் சட்டையும் கவுனும் மட்டும். கவுன் மஞ்சள். அதன் பாக்கெட்டில் சிவப்பு வாத்து.

“இது என் கவுன்” என்றாள் நடீன்.

“எல்லாப் பிள்ளைக்கும் வாத்துக் கவுன் இருக்கும்டி” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அம்மா தைச்சது. சிவப்புல வாத்து எங்கயும் கிடையாது வெர்னா, வீட்ல வெள்ளை நூல் தீர்ந்துபோச்சுன்னு சிவப்புல போட்டா. வேலியைப் பாரு, மூணாவது பலகை பாதி உடைஞ்சிருக்கு. அது எங்க வேலி. அந்த ஆப்பிள் கன்னு இன்னிக்கு மரம், அதோட பழத்துலதான் வருஷா வருஷம் உங்களுக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொண்டாரேன்.”

நான் கடைசியாகச் சாப்பிட்ட ஆப்பிள் பை வயிற்றில் இப்போதுதான் இறங்கியதுபோல் இருந்தது.

நடீனின் அம்மா லூசில் அந்த அக்டோபரில் ஓடிப்போனவள். அப்போது நடீனுக்கு ஆறு வயது. வாக்யூம் கிளீனர் விற்க வந்தவனோடு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டாள் என்று மெர்ல் சொன்னார், ஊர் நம்பியது, நடீனும் நம்பினாள். அம்மா பேச்சை எடுத்தால் அவள் முகம் கல்லாகிவிடும். “என்னை ஒரு பழைய செருப்பு மாதிரி விட்டுட்டுப் போனவ. இன்னிக்கு வாசல்ல வந்து நின்னாலும் கதவைச் சாத்திடுவேன்” என்பாள். அந்த வெறுப்பின் மேல்தான் அவள் தன் முழு வாழ்க்கையையும் கட்டியிருந்தாள்.

கில்பர்ட்டுக்கும் லூசில் கதை தெரியும். ஆனாலும் ரசிகன் புத்தி போகுமா? நூலகத்திலிருந்து நகல் எடுத்து வைத்திருந்த கூரியர் பக்கங்களைத் தேடி எடுத்தான். தேடும்போதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கை அவ்வளவு மெதுவாகப் போயிற்று. அந்த நவம்பர் கடைசிவரை கூரியரில் மேல் வரிசை முழுசாக வந்திருக்கிறது. துணிக்கயிறு வந்த வாரம் இல்லை. அதற்குப் பிறகு எப்போதுமே இல்லை.

“விளம்பரம் வந்திருக்கும், இடம் பத்தலைன்னு எடுத்திருப்பாங்க” என்றேன்.

கில்பர்ட் பக்கத்தை என் பக்கம் திருப்பினான். மேல் வரிசை இருக்கவேண்டிய இடத்தில் விளம்பரம் எதுவும் இல்லை. பூவும் கொடியுமாக ஒரு அலங்காரப் பட்டை. அச்சுக்கூடத்தில் வெற்றிடத்தை அடைக்கப் போடுவார்களே, அது. வாராவாரம் அதே பூ, அதே கொடி. ஃபோர்மேன் கைவேலை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளுமாம். இங்கே பூனை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது, இந்த ஊரின் கண்ணைத்தான் ஒருவர் மூடியிருந்தார். எனக்கு ஆமுண்ட்சன் மேலும் கோபம் வந்தது. ஜன்னலில் நின்று பார்த்தாயே, ஷெரீஃப் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தானே இருந்தது? நாடு முழுக்கப் படம் போட்டுச் சொல்லத் தைரியம் இருந்தது, நாலு வார்த்தை வாய்திறந்து சொல்ல இல்லையா? கோர்ட் வாசலில் இருக்கும் அந்தச் சிலைமேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

நடீன் அந்தப் பக்கங்களை அடுக்கினாள். “வெர்னா, என்னை வீட்ல கொண்டு விடு. நீயும் உள்ள வா.”

“முதல்ல ஷெரீஃப்கிட்ட போவோம் நடீன்.”

“எதை வெச்சு? பூனைய வெச்சா? சிரிப்பாங்க. நான் கேக்கணும்.”

மெர்ல் ஸ்ட்ரவுட் சமையலறை மேசையில் கோட்டு போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவருக்குத் திருவிழா. ஜன்னலுக்கு வெளியே அந்த ஆப்பிள் மரம் காயும் பழமுமாக நின்றது. நான் அதன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. நடீன் ஹாம் வைத்து சாண்ட்விச் பண்ணி அவர் கையில் கொடுத்தாள். எப்படித்தான் அந்தக் கத்தியைப் பிடித்தாளோ.

“இன்னொரு காலடி கேக்குதே, வெர்னாவா? பஸ்ஸை எவன் மேலயாவது ஏத்திக் கொன்னுட்டு இங்க ஒளிய வந்தியா?” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வரவேண்டிய இடம் அது.

“இன்னும் இல்ல மிஸ்டர் ஸ்ட்ரவுட்” என்றேன்.

“இன்னிக்கு மினசோட்டா பக்கம்ப்பா. முழுப் பக்கம். மேல் வரிசையோட” என்றாள் நடீன்.

அவர் மெல்லுவது நின்றது. பிறகு மறுபடி மென்றார். “மேல் வரிசை வெறும் குப்பை. கீழ சொல்லு.”

“கேளுப்பா. வேலி மேல பூனை. முதுகு நம்ம பக்கம். அடுத்த கட்டத்துல ஒரு ஆள் குழி வெட்டி ஆப்பிள் கன்னு நடறான். பூனை அதையே பாக்குது.” பக்கத்தைப் புரட்டினாள். “அடுத்த வாரமும் அதையே பாக்குது. அதுக்கடுத்த வாரமும். கன்னு மரமாவுது, பூனை அந்த மரத்தடியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. கடைசி வரைக்கும். எதுக்குன்னு ஊர் உலகத்துல ஒருத்தருக்கும் புரியலப்பா. கில்பர்ட் சொல்றான், ஆமுண்ட்சனாவது தப்பு பண்றதாவதுன்னு.”

மெர்ல் ஸ்ட்ரவுட்டின் உதடு கோணியது. முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“க்ளைட் தப்பு பண்ண மாட்டானா? பல் டாக்டருக்கு என்ன தெரியும்? அந்தப் பூனை தப்பான எடத்தப் பாக்குது” என்றார். “ஆயுசு பூரா உக்காந்து தப்பான எடத்தையே பாத்துச்சு. முட்டாள் பூனை.”

ஐம்பது வருஷமாக ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத வெற்றி அது. கன்று நட்டதே க்ளைட் பார்க்கட்டும் என்றுதான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று.

“அப்போ எங்கப்பா பாக்கணும்?” என்றாள் நடீன்.

அவர் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார். விரல் நுனியால் ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டினார்.

“அப்பா. அம்மா எங்க?”

“உங்கம்மா போறேன்னு சொன்னா நடீன். நான் போகாதன்னு சொல்லல. போ, பிள்ளைய விட்டுட்டுப் போன்னேன். கேக்கல. உன்னையும் தூக்கிக்கிட்டுத்தான் போவேன்னு நின்னா. உன் துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டா.” அவர் குரலில் பயமில்லை, அழுகையில்லை, பழைய எரிச்சல் மட்டும் இருந்தது. “அந்த வாரம்தான் கார் ஷெட்டுக்குச் சிமெண்டுத் தரை போட்டேன்.”

நடீன் கத்துவாள், அவர்மேல் பாய்வாள் என்று நான் எழுந்து நின்றேன். அவள் அசையவில்லை. “என்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்னாளா?” என்று ஒரு தடவை கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் யாரை வெறுத்தாளோ அவளிடம் கேட்டாள்.

பிறகு ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்து என் கையில் வைத்து என் விரல்களை மூடினாள்.

“ஷெரீஃபுக்கு நான் போன் பண்றேன் வெர்னா. நீ மொதல்ல என் காரை ஷெட்டுலேருந்து எடுத்துடு. தினமும் அவ மேலதான் நிறுத்தியிருக்கேன்.”